விண்டோஸ் 10ஐ என்ன செய்வது?

(புத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் கொடுத்துவந்த வழமையான பராமரிப்பு முடிந்தது. இயங்குதளம் என்பதைத்தான் பாடசாலைப் புத்தகத்தில் மாணவர்கள் பணிசெயல் முறைமை என்று படிக்கிறார்கள். 2015 ஜூலை 29இல் வெளிவந்து பத்து வருடங்கள் உலகம் முழுவதும் ஓடிய மென்பொருள் விண்டோஸ் 10. புத்தூர், ஆவரங்கால், அச்சுவேலி, நீர்வேலி என்று இந்தப் பருத்தித்துறை வீதி நெடுகிலும் உள்ள கடைகளிலும் வீடுகளிலும் பாடசாலைகளிலும் அது இன்றும் ஓடுகிறது. 15ஆம் திகதி காலையில் கணினியைப் போட்டவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே திரை, அதே வேகம், அதே கோப்புகள். அதனால்தான் இதை என்ன செய்வது என்ற கேள்வி இவ்வளவு குழப்பமாக இருக்கிறது. ஓடுகிற ஒன்றை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பவரிடம் நியாயம் இருக்கிறது. மாற்றாவிட்டால் ஆபத்து என்று சொல்பவரிடமும் நியாயம் இருக்கிறது.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்ச நேரத்தில் அதற்கான காரணங்களைச் சொல்லுவேன். கணினிக்கு எத்தனை வயது என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதற்குள் யாருடைய ஆவணங்கள் இருக்கின்றன என்று பார்த்து முடிவெடுங்கள். பிறருடைய ஆவணங்களை வைத்திருக்கும் கணினி, பராமரிப்பு நின்றுபோன இயங்குதளத்தோடு இணையத்தில் நிற்கக் கூடாது. உங்களுடைய பாட்டும் படமும் மட்டும் இருக்கிற கணினிக்கு இன்னும் கொஞ்சக் காலம் கொடுக்கலாம். எந்த முடிவை எடுத்தாலும் அதற்கு ஒரு திகதி குறியுங்கள். "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிவைத்ததால் இந்த நாட்டு அரசாங்கமே எதை இழந்தது என்பதைச் சற்று நேரத்தில் சொல்லுவேன்.

பழையதைப் பேணும் பழக்கம்

பழைய இயந்திரத்தைக் கைவிடாமல் ஓட்டுவது யாழ்ப்பாணத்தவருக்குக் கைவந்த கலை. போர்க்காலத்தில் எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது, ஏ போட்டி என்று நாங்கள் செல்லமாகச் சொல்லும் அவுஸ்டின் கார்களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால் கராஜில் கடைந்து எடுத்தோம். அந்தத் திறமையையும் சிக்கனத்தையும் நான் மதிக்கிறேன். 2022இல் ரூபாய் சரிந்து டொலரின் விலை ஒன்றரை மடங்குக்கும் மேலே போனபோது, புதுக் கணினி வாங்கும் நினைப்பையே பல குடும்பங்கள் விட்டுவிட்டன. இருந்ததைத் திருத்தி வைத்துக்கொண்டார்கள். அது சரியான முடிவு.

இருந்தாலும் காரும் இயங்குதளமும் ஓரிடத்தில் பிரிகின்றன. கார் பழுதாவது தேய்மானத்தால். எங்கே சத்தம் வருகிறது என்று ஓட்டுகிறவருக்குக் கேட்கும். கராஜுக்குக் கொண்டுபோகலாம். இயங்குதளம் தேய்வதில்லை. பத்து வருடத்துக்கு முன் எழுதிய கட்டளை இன்றும் அதே கட்டளைதான். மாறுவது வெளியில் இருப்பவனுடைய அறிவு. கோடிக்கணக்கான வரிகள் கொண்ட மென்பொருளில் ஓட்டைகள் இருக்கத்தான் செய்யும். அவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்ததை மைக்ரோசொப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் அடைத்து வெளியிடுகிறது. அதைத்தான் நாங்கள் அப்டேற் என்கிறோம்.

இதில் பலர் யோசிக்காத ஒரு விடயம் இருக்கிறது. விண்டோஸ் 11இன் பெரும்பகுதி விண்டோஸ் 10இலிருந்து வந்தது. விண்டோஸ் 11இல் ஓர் ஓட்டையை அடைத்து வெளியிடும்போது, அந்தத் திருத்தத்தை ஆராய்கிற ஒருவனுக்கு ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். அதே ஓட்டை விண்டோஸ் 10இலும் இருந்தால் அங்கே அது திறந்தே கிடக்கும். ஆகவே பராமரிப்பு நின்ற இயங்குதளத்தின் ஆபத்து ஒரே நாளில் வருவதில்லை. மாதாமாதம் கூடிக்கொண்டு போகிறது. சத்தம் எதுவும் கேட்காது.

2017 மே மாதம் உலகம் கண்டது

இது கற்பனைப் பயம் என்று நினைப்பவர்களுக்காக நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். 2017 மே 12ஆம் திகதி வெள்ளிக்கிழமை வனாகிரை என்ற கப்பம் கேட்கும் மென்பொருள் உலகெங்கும் பரவியது. சில நாட்களுக்குள் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டுண்டன. திறந்துவிட முந்நூறு டொலர் பிற்கொயினாகக் கேட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் மட்டும் ஆயிரக்கணக்கான நோயாளர் சந்திப்புகளும் சத்திரசிகிச்சைகளும் இரத்தாகின. அவசர நோயாளர் வண்டிகளை வேறு வைத்தியசாலைகளுக்குத் திருப்பிவிட நேர்ந்தது.

அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னரே, மார்ச் 14ஆம் திகதி, வெளியிட்டிருந்தது. எக்ஸ்பீ என்ற மிகப் பழைய இயங்குதளத்துக்குப் பராமரிப்பு 2014 ஏப்ரல் 8இலேயே முடிந்துவிட்டது. ஆபத்தின் அளவைப் பார்த்து அதற்கும் ஓர் அவசரத் திருத்தத்தை அந்த நிறுவனம் பிறகு கொடுத்தது. எல்லோரும் எக்ஸ்பீ கணினிகள்தான் விழுந்திருக்கும் என்று நினைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7 கணினிகள். அன்று விண்டோஸ் 7க்குப் பராமரிப்பு இருந்தது, திருத்தமும் இருந்தது. போட்டுக்கொள்ளாமல் விட்டிருந்தார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இரண்டு. புது இயங்குதளம் இருந்தும் அப்டேற்றை நிறுத்தி வைத்திருப்பவர், பழையதை வைத்திருப்பவரைவிடப் பாதுகாப்பானவர் இல்லை. அப்டேற் வரும்போது டேற்றா முடிகிறது, கணினி மெதுவாகிறது என்று அதை நிறுத்தி வைக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. அதை இன்றோடு விட்டுவிட வேண்டும். இரண்டாவது, ஒரு கணினிக்குள் நுழைந்த வனாகிரை அதே வலையமைப்பில் இருந்த மற்றக் கணினிகளுக்குத் தானாகவே பரவியது. ஒரு கடையின் மூலையில் கிடக்கும் பழைய கணினி, பக்கத்திலுள்ள புதுக் கணினியையும் ஆபத்தில் தள்ளும்.

கொழும்பில் தொலைந்த மூன்று மாதம்

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி லங்கா அரச மேகக்கணினி என்ற அரசின் சேவைமீது ஒரு கப்ப மென்பொருள் தாக்குதல் நடந்தது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றில் அடங்கும். அந்தச் சேவையை நடத்தியது இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம். சேவையைச் சில மணித்தியாலங்களில் மீட்டுவிட்டார்கள். உள்ளே இருந்தவற்றில் ஒரு பகுதியை மீட்க முடியவில்லை. அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. இணையத்தோடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் தாக்குதலில் பூட்டுண்டது. தனியே எடுத்துவைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. மூன்று மாதத்துக்கும் மேலான கடிதங்கள் போய்விட்டன.

காரணம் என்ன? அந்த மின்னஞ்சல் சேவை 2007இல் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2003 என்ற மென்பொருளோடு தொடங்கியது. 2014இல் எக்ஸ்சேஞ்ச் 2013க்கு மாறியது. அதற்குப் பிறகு மாறவில்லை. 2021இலிருந்தே அடுத்த பதிப்புக்கு மாற்றும் திட்டம் இருந்தது என்றும், பணப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில முடிவுகளாலும் அது தாமதமானது என்றும் அந்த நிலையமே பின்னர் சொன்னது. எக்ஸ்சேஞ்ச் 2013க்கு மைக்ரோசொப்ட்டின் பராமரிப்பு 2023 ஏப்ரல் 11இல் முடிந்தது. தாக்குதல் ஓகஸ்டில் வந்தது. இடையில் இருந்தது நான்கரை மாதம்.

எக்ஸ்சேஞ்ச் ஓர் இயங்குதளம் இல்லை என்று தொழில்நுட்பம் தெரிந்த பிள்ளைகள் சொல்லுவார்கள். சரிதான், அது மின்னஞ்சல் சேவைக்கான மென்பொருள். ஆனாலும் நடந்த வழி ஒன்றே. மாற்ற வேண்டும் என்று தெரிந்திருந்தது. காசு போதவில்லை. ஓடிக்கொண்டிருந்ததால் அவசரம் தெரியவில்லை. மாற்றாமல் விடுவது என்று எவரும் ஒரு கூட்டத்தில் தீர்மானித்திருக்க மாட்டார்கள். காலம் அந்தத் தீர்மானத்தை அவர்களுக்காக எடுத்துவிட்டது. எங்கள் ஊர்ச் சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. காசு இல்லாத நிலை எங்களுக்கும் அதேதான். ஆனால் நாள்தோறும் ஒரு காப்புப் பிரதியைத் தனியாக எடுத்துவைக்கப் பெரிய காசு தேவையில்லை. தாக்குதலுக்குப் பிறகு அந்த நிலையம் அறிவித்த முதல் நடவடிக்கைகளில் ஒன்று, இணையத்தோடு சேராத காப்புப் பிரதியை நாள்தோறும் எடுப்பது. அதை முன்னரே செய்திருந்தால் இழப்பு ஒரு நாளோடு நின்றிருக்கும்.

எங்கள் ஊர்க் கணினிகளில் இருப்பது என்ன?

ஒரு கொமினிகேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து மாலைவரை அங்கே வருவது என்ன? அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கடவுச்சீட்டு, காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு, வெளிநாட்டு விசா விண்ணப்பம். ஸ்கான் பண்ணி, மின்னஞ்சலில் அனுப்பி, பிரதி எடுத்துக் கொடுக்கிறார்கள். கொடுத்த பிறகு அந்தக் கோப்பு எங்கே போகிறது? பெரும்பாலும் அங்கேயே கிடக்கிறது. ஊரில் பாதிப் பேருடைய பெயர், பிறந்த திகதி, கையொப்பம் எல்லாம் ஒரே கணினியில் சேர்ந்துவிடுகின்றன. அந்தக் கணினி களவு போனால் கடைக்காரருக்கு ஒரு கணினி நட்டம். அதற்குள் இருப்பவை களவு போனால் நட்டம் ஊருக்கு.

2022இல் எங்கள் நாடாளுமன்றம் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பிறருடைய தரவை வைத்திருப்பவருக்கு அதைக் காக்கும் கடமை உண்டு என்பது அதன் மையக் கருத்து. சட்டம் இருக்கட்டும். எங்களை நம்பி ஒருவர் கொடுத்த கடதாசியைக் கவனமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டத்துக்கு முன்னரே எங்களுக்குத் தெரிந்த ஒழுங்குதானே? ஆகவே கொமினிகேஷன் கடை, சங்கக் கணக்கு வைத்திருக்கும் அலுவலகம், மாணவர் விபரமும் புள்ளியும் வைத்திருக்கும் பாடசாலைக் கணினி, தனியார் மருத்துவ நிலையம் ஆகியவை முதலில் மாற வேண்டியவை. வங்கிக் கணக்கை இணையத்தில் பார்க்கும் வீட்டுக் கணினியையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தட்டெழுதிப் பழகும் ஆய்வுகூடக் கணினி அடுத்தது. பாட்டுக் கேட்கும் பழைய லப்டொப் கடைசி.

என்னென்ன வழிகள் உண்டு?

முதல் வழி விண்டோஸ் 11. உங்களிடம் இருப்பது முறையான உரிமம் உள்ள விண்டோஸ் 10 என்றால், கணினி தகுதியானதாக இருக்கும்வரை இந்த மாற்றத்துக்குக் காசு இல்லை. தகுதி என்றால் என்ன? 64 பிற் செயலி, 4 கிகாபைற் றாம், 64 கிகாபைற் இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, பாதுகாப்பாகத் தொடங்கும் வசதி. இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. இதைக் கண்டுபிடிப்பது சுகம். ஐ5 என்ற எழுத்துக்குப் பின்னால் 8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. 6200 என்று இருந்தால் ஆறாம் தலைமுறை. 10210 என்று இருந்தால் பத்தாம் தலைமுறை. மைக்ரோசொப்ட் தருகிற பரிசோதனை மென்பொருளை ஓடவிட்டாலும் சொல்லிவிடும். அது தகுதியில்லை என்று சொன்னதும் மனம் விட்டுவிடாதீர்கள். டி.பி.எம். இருந்தும் பயோஸ் அமைப்பில் அணைந்து கிடக்கும் கணினிகள் உண்டு. தெரிந்த ஒருவரைக் கொண்டு அதைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

4 கிகாபைற் றாம் போதும் என்று கடதாசியில் எழுதியிருந்தாலும் வேலை செய்யப் போதாது. 8 இருந்தால் நல்லது. சுழலும் வன்றட்டு உள்ள கணினி என்றால், இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போடுங்கள். கணினி கிழடாகிவிட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் கிழடாகிப்போனது அந்த வன்றட்டுத்தான்.

தகுதியில்லாத கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐப் போட்டுத்தரக் கடைகளில் ஆட்கள் இருக்கிறார்கள். ஓடவும் செய்யும். அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேற் கிடைக்கும் என்று உறுதி இல்லை என மைக்ரோசொப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அப்டேற்றுக்காக மாறுகிறோம். அந்த அப்டேற்றே நிச்சயம் இல்லாத வழியில் மாறி என்ன பயன்? உரிமம் உடைத்த களவுப் பிரதிகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். உரிமத்தை உடைப்பதற்காக ஓடவிடும் அந்தச் சிறு மென்பொருள், வைரஸ் காவலை நிறுத்திவிடச் சொல்லும். காவலை நிறுத்திவிட்டு முகம் தெரியாதவன் எழுதிய மென்பொருளைக் கணினிக்குள் விடுகிறோம். அதற்குப் பிறகு இயங்குதளம் பத்தா பதினொன்றா என்ற கேள்விக்குப் பொருளே இல்லை.

இரண்டாவது வழி, விண்டோஸ் 10ஐயே வைத்துக்கொண்டு நீட்டித்த பராமரிப்பைப் பெறுவது. வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை இதை மைக்ரோசொப்ட் அறிவித்தது. மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றால் உள்நுழைந்து கணினியின் அமைப்புகளை அங்கே சேமிக்க இணங்கினால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் 30 டொலர். கணினியில் 22எச்2 என்ற கடைசிப் பதிப்பு இருக்க வேண்டும். இது வீடுகளுக்கு மட்டும். நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் வருடம் 61 டொலர், ஒவ்வொரு வருடமும் அது இரட்டிக்கும், மூன்று வருடம்வரை கிடைக்கும். கல்வி நிறுவனங்களுக்கு முதல் வருடம் 1 டொலர், இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 4. பாடசாலை அதிபர்களும் பழைய மாணவர் சங்கங்களும் இந்தக் கடைசி எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். ஆனால் இந்த வழி அவகாசம் மட்டுமே தரும். அவகாசம் இருந்தும் தூங்கிவிட்டதுதான் கொழும்பில் நடந்தது.

மூன்றாவது வழி லினக்ஸ். விண்டோஸ் 11ஐத் தாங்காத பழைய கணினியில் லினக்ஸ் மின்ற் நன்றாக ஓடும். காசு இல்லை, உரிமச் சிக்கல் இல்லை. உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்ட மின்ற் 22க்கு 2029 வரை பராமரிப்பு உண்டு. எங்கள் அயலான கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரச பாடசாலைகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. கைட் என்ற அரச நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தங்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்ற ஓர் இயங்குதளத்தையே ஆக்கிக் கொடுக்கிறது. இலட்சக்கணக்கான பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். கேரளத்துப் பிள்ளைகளால் முடிந்தது எங்கள் பிள்ளைகளாலும் முடியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்ட சில மென்பொருள்கள் லினக்ஸில் ஓடாது. சில பிறிண்டர்களும் ஸ்கானர்களும் இணங்க மாட்டா. ஆகவே முதலில் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டுப் பாருங்கள். வன்றட்டில் எதையும் தொடாமல் அப்படிப் பார்க்க முடியும். பிறிண்டர் வேலை செய்கிறதா, வைஃபை வருகிறதா, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று சோதித்த பிறகு போடலாம்.

நான்காவது வழி, பழையதைப் பழையபடி விட்டு இணையத்திலிருந்து பிரித்துவிடுவது. அச்சகங்களில் இதற்கு நல்ல காரணம் இருக்கும். பேஜ்மேக்கர் 2001க்குப் பிறகு புதுப் பதிப்பே காணாத மென்பொருள். இருபது வருட வேலை அதில் கிடக்கும். பழைய 32 பிற் இயக்கியோடு மட்டும் பேசும் பிறிண்டரும் கட்டரும் உண்டு. விண்டோஸ் 11இல் 32 பிற் பதிப்பே இல்லாததால் அவை அங்கே பேசா. அப்படியான கணினியை வைத்துக்கொள்ளுங்கள். வலையமைப்புக் கம்பியைக் கழற்றி, வைஃபையை அணைத்து, அதை ஓர் அச்சு இயந்திரமாக மட்டும் பாவியுங்கள். அதற்குள் போகும் பென் டிரைவை முதலில் வேறொரு கணினியில் வைரஸ் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பாமினியில் கிடக்கும் தமிழ்

எங்கள் பகுதியில் மாற்றத்துக்குப் பயப்படுவதற்கு இன்னொரு பெரிய காரணம் உண்டு. அது பாமினி எழுத்துரு. கோவில் வரவுசெலவு, சங்கக் கூட்டக் குறிப்பு, நினைவு மலர், பரீட்சை வினாத்தாள், திருமண அழைப்பிதழ் என்று இத்தனை ஆண்டுகள் பாமினியில் தட்டி வைத்திருக்கிறோம். இயங்குதளத்தை மாற்றினால் இவை எல்லாம் அழிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மாற்றிய பிறகு கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடப்பதைப் பார்த்துப் பதறியவர்களும் உண்டு.

அழியவில்லை. நடந்தது என்ன என்று விளங்கிக்கொண்டால் பயம் போய்விடும். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. தமிழ் என்று பாமினியில் தட்டினால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகியவற்றைத்தான். பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகளாகவே தெரியும். ஆகவே மாறுவதற்கு முன் எழுத்துருக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்துவையுங்கள். விண்டோஸ் 11இலும் லினக்ஸிலும் அவற்றை மறுபடி நிறுவலாம். பழைய ஆவணங்கள் முன்போலத் திறக்கும்.

ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். பாமினியில் கிடக்கும் ஓர் ஆவணத்தில் ஒருவருடைய பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காது. கைத்தொலைபேசியில் திறந்தால் வாசிக்க முடியாது. கனடாவிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்பினால் அங்கே குழம்பும். யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்று உலகம் ஒப்புக்கொண்ட தனி எண்கள் உண்டு. எந்தக் கணினியிலும் எந்தத் தொலைபேசியிலும் அதில் எழுதியது தமிழாகவே தெரியும். பாமினியை யுனிகோடாக மாற்றும் இலவச மாற்றிகள் பல இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துத் திருத்திவிட்டால் போதும்.

தட்டச்சுப் பழகிய கைகள் மாறா என்று மூத்தவர்கள் சொல்லுவார்கள். கை மாற வேண்டியதில்லை. இ-கலப்பை போன்ற மென்பொருளில் பாமினி விசைமுறையிலேயே தட்டி யுனிகோடில் எழுதலாம். இலங்கையின் தரமாக வந்த ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் வழியில் அமைந்ததே. விரல் பழைய இடத்துக்கே போகும், சேமிப்பு மட்டும் புதியதாகும். இயங்குதளத்தை மாற்றும் இந்த நேரம் பழைய தமிழ் ஆவணங்களைச் சேர்த்து மாற்றுவதற்கும் ஏற்ற நேரம்.

முதலில் பிரதி

ஆவணங்களைப் புதிய ஊடகத்துக்கு மாற்றும் வேலை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சில் கொண்டுவந்தவர். கையில் எடுத்தால் பொடிந்து உதிரும் ஏடுகளோடு அவர் பட்ட பாட்டைத் தம் பதிப்புரையிலேயே எழுதியிருக்கிறார். ஏடு முற்றாகச் சிதையும்வரை காத்திருக்காமல், இருந்தவற்றைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, புதிய ஊடகத்துக்கு மாற்றியதால் அந்த நூல்கள் இன்று எங்களிடம் இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பவே இல்லை. பிரதியின் பெறுமதியை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே இயங்குதளத்தில் கை வைப்பதற்கு முன் கோப்புகளின் பிரதியை எடுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வெளி வன்றட்டில் இருக்கட்டும். எடுத்து முடித்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். செருகியபடியே விட்டால் கப்ப மென்பொருள் அதையும் பூட்டும், அரச மேகக்கணினியில் நடந்தது அதுதான். மற்றப் பிரதி வேறொரு வீட்டிலோ நம்பிக்கையான இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். பிரதியைத் திறந்து பார்த்து, கோப்புகள் உள்ளே இருக்கின்றன என்று உறுதி செய்த பிறகே மாற்றத்தைத் தொடங்குங்கள். மின்சாரம் இடையில் நின்றால் வேலை அரைகுறையாகிவிடும். லப்டொப் என்றால் பற்றரி நிறைந்திருக்கட்டும், மேசைக் கணினி என்றால் யூ.பி.எஸ். இருக்கட்டும்.

ஒன்றாகச் செய்யலாம்

இதை ஒவ்வொரு வீடும் தனித்தனியே செய்ய வேண்டுமா? வேண்டாம். விண்டோஸ் 11ஐத் தரவிறக்கப் பல கிகாபைற் டேற்றா செலவாகும். ஊருக்கு ஒருவர் மைக்ரோசொப்ட்டின் தளத்திலிருந்து நேரே தரவிறக்கி 8 கிகாபைற் பென் டிரைவில் போட்டால் அது பல கணினிகளுக்குப் போதும். லினக்ஸும் அப்படியே. சனசமூக நிலையங்கள் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் கணினிகளைச் சோதித்து, எது விண்டோஸ் 11க்குத் தகும், எது லினக்ஸுக்குப் போகும், எதைப் பிரித்து வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல செய்முறைப் பாடம் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். பாடசாலைகளுக்கு நீங்கள் அனுப்பும் கணினிகள் பல பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. இனி அனுப்பும்போது செயலியின் தலைமுறையைப் பார்த்து, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதை அனுப்புங்கள். அதற்கு முந்தியது என்றால் லினக்ஸைப் போட்டு அனுப்புங்கள். எதையும் போடாமல் வரும் கணினியில் இங்கே களவுப் பிரதிதான் ஏறும்.

கடைசியாக உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் கணினியில் யாருடைய ஆவணங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். தேவை முடிந்த பிறருடைய கோப்புகளை அழியுங்கள். மிச்சத்துக்குப் பிரதி எடுங்கள். பிறகு ஒரு கடதாசியில், இந்தக் கணினியை இன்ன திகதிக்குள் இன்ன வழியில் மாற்றுவேன் என்று எழுதிக் கணினியின் மேலே ஒட்டிவிடுங்கள். வழி விண்டோஸ் 11 ஆக இருக்கலாம், லினக்ஸ் ஆக இருக்கலாம், இணையத்திலிருந்து பிரித்து வைப்பதாகவும் இருக்கலாம். எதுவானாலும் அது நீங்கள் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். பிறர் நம்பிக் கொடுத்ததை வைத்திருப்பவர்கள் மட்டும் தாமதிக்க வேண்டாம். அவர்களுக்குக் காலம் ஏற்கெனவே முடிந்துவிட்டது.